சாமுவேலின் எண்ணில் என் பங்கு

சாமுவேல் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக வந்தது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். பத்மாவதி அம்மாள் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தவில்லை. "சார், மார்க்கிங் சாமுவேல் பூட்டாரு. விடிகாலைல. கவரப்பேட்டையிலர்ந்து அவரு மச்சான் வந்து சொல்லிட்டுப் போறாரு," என்றார். மஞ்சள் காமாலை என்று ஒரு மாதமாக மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனால் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது துக்கம் அல்ல. இனி அந்த மீதியைப் பற்றிப் பேச ஆளில்லை என்ற நிம்மதி. ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடிக்காக அன்று முழுவதும் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். பக்கத்து மேஜைக்காரர் வயிறு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் அவ்வளவு எளிதாக வரும்.

நம் தொழிற்சாலையில் பலருக்கு அவரை 'நூத்திப் பதினேழு சாமுவேல்' என்றால்தான் தெரியும். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அது ஏன் வந்தது என்ற முழுக் கதை அவர் இருந்தவரை இரண்டே பேருக்குத்தான் தெரியும். இப்போது அதில் ஒருவர் இல்லை. இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு அவருடைய நல்ல குணத்தைச் சொன்னீர்கள். என்னையும் பேசக் கூப்பிட்டீர்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டித் தப்பித்தேன். அன்று பேசாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாமுவேலின் அப்பா கவரப்பேட்டைப் பக்கம் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்சாலைக்குள் வந்தவர் இவர். எட்டாவது வரை படிப்பு. கத்தரி மெஷின் பகுதியில் மார்க்கிங் வேலை. வரும் இரும்புத் தகட்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டில் மெஷின் வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் தரை அதிரும். ஒரு நாள் 7393 என்று வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதிய தகடு வந்தது. வலது ஓரத்திலிருந்து வெட்டினார்கள். 3 விழுந்தது, 739 நின்றது. அடுத்த வெட்டில் 9 விழுந்தது, 73 நின்றது. பிறகு வெறும் 7. வேறு யாராவது என்றால் அடுத்த தகட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஏழு, எழுபத்து மூன்று, எழுநூற்று முப்பத்தொன்பது, ஏழாயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்று மூன்று: நான்குமே பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதவை. வெட்ட வெட்டக் குறைகிறதே தவிர உடையவில்லை.

அந்தச் செய்தியோடு அவர், செலவுக் கணக்குப் பார்க்கும் எங்கள் காஸ்டிங் பிரிவுக்கு வந்து என் மேஜை முன் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனால் நான் பேன்ட் போட்ட குமாஸ்தா, அவர் காக்கி அரை டிராயர். அதனால் அவர் என்னை 'சார்' என்பார். நான் அவரை 'நீ' என்பேன். இந்த 'அவர்' எல்லாம் இறந்த பிறகு நான் கொடுக்கும் மரியாதை. "சார், பின்னாடி ஒவ்வொரு எண்ணா வெட்டினா செரியா வருது. அதே மாதிரி பின்னாடி ஒவ்வொண்ணா சேத்துக்கினே போனா எதுவரைக்கும் போவும்?" என்று கேட்டார். எனக்கு அப்போது வேலை நெருக்கடி. ஆனாலும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது.

கடைசியில் இரட்டை எண் வந்தால் இரண்டால் வகுபடும். ஐந்து வந்தால் ஐந்தால் வகுபடும். ஆகவே 1, 3, 7, 9 இந்த நான்கில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். 7393-க்குப் பின்னால் 9 மட்டும் ஒத்துக்கொண்டது. 73939-க்குப் பின்னாலோ நான்கையும் சேர்க்கலாம், நான்கும் பகா எண்கள். அதைக் கண்டுபிடித்த வாரம் சாமுவேல் சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார். அவர் 1 போட்ட வழியில் போனார். 739391. பிறகு 7393913. அதற்கு ஏறக்குறைய நானூறு முறை வகுத்துப் பார்த்தார். அதன் பின்னால் ஒரு 3 சேர்த்தார். ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

பார்த்தால் பகா எண் மாதிரிதான் இருக்கிறது, இத்தனை தூரம் வந்தது இதுவும் வரும், விட்டுத்தள்ளு என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் பலரிடம் என் சொந்தச் சரக்கு போலச் சொல்லியிருக்கிறேன். "வகுத்துப் பாத்தா தான் சார் தெரியும். எண்ணோட மூஞ்சியப் பாத்து இன்னா தெரியும்?"

வகுத்துப் பார்ப்பது என்றால் சும்மா இல்லை. இந்த எண்ணின் வர்க்கமூலம் 8598-ஐ ஒட்டி வருகிறது. அதற்குக் கீழே உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்து, ஒவ்வொன்றிலும் மீதி வருகிறது என்று காட்ட வேண்டும். முதலில் அந்தப் பகா எண்களின் பட்டியல் வேண்டும். பழைய மஸ்டர் ரோல் வருகைத் தாள்களின் பின்பக்கத்தில் வரிசையாக எண்களை எழுதி, இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கு, ஐந்தின் மடங்கு, ஏழின் மடங்கு என்று அடித்துக்கொண்டே வந்தார். அடிபடாமல் மிஞ்சியவை ஆயிரத்து எழுபது. இதற்கே ஒரு மழைக்காலம் ஆயிற்று.

வகுக்க எங்கள் பிரிவில் இருந்த கணக்கு மெஷின்தான் வழி. கைப்பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்கள் கடகடவென்று ஓடிக் கழிக்கும். அளவுக்கு மேல் கழித்தால் மணி அடிக்கும். ஒரு சுற்று திருப்பிவிட்டு அடுத்த இலக்கத்துக்கு நகர வேண்டும். கடைசியில் சின்ன ஜன்னலில் மீதி தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தொடலாம் என்று மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். சாமுவேல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டித்துணியில் துடைத்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வகுத்தல் ஆகும். இப்படியே போனால் கிழவனாகிவிடுவாய் என்று சொல்லி, பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில் இருந்த நூற்றுப் பத்தொன்பதைப் பத்மாவதி அம்மாள் வாங்கிக்கொண்டார். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வருகிறவர், பஸ்ஸிலேயே தாளில் வகுத்துக்கொண்டு வந்தார். ஆறாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவில் இருந்த நூற்றுப் பதினேழு என் பங்கு. மீதி எண்ணூற்று முப்பத்து நான்கும் சாமுவேலுடையவை.

நான் முதல் முப்பத்தொன்றை ஒழுங்காகப் போட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன். 6007-ஆல் வகுத்தால் ஈவு 12308, மீதி 4977. எல்லாம் மெஷினில் பார்த்து எழுதியது. அதற்குப் பிறகு எனக்குச் சலித்துவிட்டது. அந்த வருஷம் பொழுதுபோக்கு மன்றத்தில் புதிதாகக் கேரம் பலகை வந்திருந்தது. காரணம் அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ஆறு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. எண்பத்தாறு வரிகளுக்கு மீதியை நானே கற்பனையாக எழுதினேன். ஈவு படிப்படியாகக் குறைவது போலவும், மீதி வகுக்கும் எண்ணை விடச் சிறியதாக இருப்பது போலவும், ஒரே மீதி இரண்டு முறை வராதது போலவும் பார்த்துப் பார்த்து எழுதினேன். நிஜமாக வகுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தாளைக் கொடுத்தபோது சாமுவேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதற்குள் மேனேஜர் காதுக்குப் போயிருந்தது. ஆயுத பூஜை விழாவுக்கு மெட்ராஸ் கல்லூரி ஒன்றிலிருந்து கணிதப் பேராசிரியர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருவதாக ஏற்பாடு. அவர் முன்னால் மேடையில் சாமுவேல் தன் எண்ணைச் சொல்ல வேண்டும், சொன்னால் கத்தரி மெஷினை விட்டு எடுத்துப் பிளானிங் பிரிவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன் என்றார் மேனேஜர். சாமுவேலுக்கு அப்போதே இடது காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் பத்து வருஷம் நின்றால் யாருக்கும் ஆகும். நாற்காலியைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வாரம் பிளானிங் பிரிவு வாசல் வழியாக இரண்டு முறை நடந்து போனதைப் பார்த்தேன்.

விழாவுக்கு முதல் நாள். மெஷின்களையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு மெஷினையும் பூஜைக்காகக் கொண்டுபோய்விட்டார்கள். சாமுவேல் என் தாளோடு வந்தார். ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் சோதனை உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்ட வேண்டும். ஒன்பது வந்தால் பூஜ்யம். 6007-க்கு 4, 12308-க்கு 5. பெருக்கினால் இருபது, அதாவது 2. மீதி 4977-க்கு பூஜ்யம். மொத்தம் 2. பெரிய எண்ணைக் கூட்டினாலும் 38, 11, 2. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் கணக்கு தப்பு. இந்தச் சோதனை நினைவுக்கு வராமல்தான் நான் பொய் எழுதியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

"சார், உங்க தாள்ல கொஞ்சம் இடிக்குது. ஒருவாட்டி பாக்கறீங்களா?" என்றார். எல்லாம் பார்த்துத்தான் எழுதினேன் என்றேன். பக்கத்து மேஜைகளில் ஆட்கள் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் மிசின்ல போட்டீங்களா சார்?"

"போட்டேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி சார்," என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் கத்தரி மெஷினுக்குச் சந்தனம் வைத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், ஆனால் அந்த மெஷினுக்கு வேறு யார் பொட்டு வைக்கவும் விடமாட்டார். மாலையில் மேடை. மனைவி ரூத், இரண்டு பிள்ளைகள், முன்வரிசையில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டாவது வரிசை. சாமுவேல் கரும்பலகையில் எண்ணை எழுதி, வலது பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அழித்துக் காட்டினார். பேராசிரியர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அப்படியானால் இந்த எட்டு இலக்க எண்ணும் பகா எண் என்று உறுதியாகச் சொல்லலாமா என்று கேட்டார். மேனேஜர் கை தட்டத் தயாராக இருந்தார்.

சாமுவேல் என் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "சொல்ல முடியாதுங்க ஐயா. தொள்ளாயிரத்து அம்பத்து மூணு பாத்தாச்சு. நூத்திப் பதினேழு பாக்கி," என்றார்.

பின்னால் இருந்து ஒருவன், அப்புறம் இன்னாத்துக்குய்யா மேடை ஏறின என்று கேட்டான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாராவது என்னைக் கவனித்துவிடுவார்களோ என்ற பயம்.

அந்த நாற்காலி வேறு ஒருவருக்குப் போயிற்று. சாமுவேல் கத்தரி மெஷினிலேயே நின்றார். இரண்டு வருஷத்தில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. பிறகு பேசும்போதெல்லாம் வலது பக்கம் தலையைச் சாய்ப்பார். நான் அவருடைய இடது பக்கமாகவே நடக்கப் பழகிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு மட்டும் இல்லை, கோபமும் இருந்தது. முப்பத்தொன்று நிஜமாகப் போட்டேனே, எண்பத்தாறு பாக்கி என்றுதானே சொல்ல வேண்டும், நூற்றுப் பதினேழு என்று எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் வேறு யாரிடமோ வேறு எதைப் பற்றியோ சொன்ன ஒரு வார்த்தை அதற்குப் பதில் என்று இப்போது படுகிறது: "பாதி செஞ்சத செஞ்சதுன்னு சொன்னா, செஞ்ச பாதியும் பூடும்."

அவரை யாராவது சீண்டுவார்கள். "இன்னா சாமுவேலு, எண்ணு இன்னா ஆச்சு?" நூற்றுப் பதினேழு பாக்கி என்று அதே பதில் வரும். ஆறு வருஷமும் ஒரே பதில். மெஷின் சாப்பாட்டு நேரத்தில் சும்மாதான் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்தால் அவரே முடித்திருக்கலாம். எட்டாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒன்பதாவது சேர்க்க முடியுமா என்று பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். 1 சேர்த்தாலும் 7 சேர்த்தாலும் மூன்றால் வகுபட்டுவிடும், 3-ஐயும் 9-ஐயும்தான் பார்க்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். எட்டே முடியவில்லை, ஒன்பதுக்கு எப்படிப் போவது என்று அங்கேயே நின்றுவிட்டார். என்னைக் குத்திக் காட்டத்தான் இப்படிச் செய்கிறார் என்று நம்பினேன். நானும் மூன்று முறை மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் எல்லாம் பூஜ்யமாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எழுந்துவிட்டேன். வகுபடும் எண் என் பங்கிலேயே இருந்து, நான் அதை மறைத்திருந்தால்?

அடக்கம் முடிந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தேன். பத்து நாள் ஆயிற்று. முப்பத்தொன்றையும் சேர்த்து நூற்றுப் பதினேழையும் முதலிலிருந்து போட்டேன். கடைசி எண் 6997. ஈவு 10567, மீதி 1834. ஒரு இடத்திலும் பூஜ்யம் வரவில்லை. 73939133 பகா எண்தான். அன்று மேடையில் சாமுவேல் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். நாற்காலி கிடைத்திருக்கும், காது மிஞ்சியிருக்கும், ஒரு மனிதனும் தப்புக் கண்டுபிடித்திருக்க முடியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எழுந்து எங்கேயாவது நடக்க வேண்டும் போலிருக்கிறது.

தாளைப் பத்மாவதி அம்மாளிடம் கொடுத்து, ஒன்பதைத் தள்ளிச் சோதிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "என் தாள்ல ரெண்டு தப்பு இருந்துச்சு சார். பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடி வந்து, அம்மா இது ரெண்டையும் இன்னொருவாட்டி போடுங்கன்னாரு. போட்டுக் குடுத்தேன். என் தப்ப என்கிட்டயே சொன்னாரே, உங்குளுது ஏன் சொல்லாம உட்டாரு?" என்றார். என்னிடமும் சொல்லத்தான் வந்தார். அம்மாளுடையது வெறும் தப்பு, திருத்தச் சொல்லலாம். நான் போட்டேன் என்று சொன்ன பிறகு அது பொய். அதைத் திருத்த வேண்டியவன் நான். இதைப் பத்மாவதி அம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் நூற்றுப் பதினேழு வரிகளையும் சோதித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கவரப்பேட்டைக்குப் போனேன். ரூத்திடம் தாளைக் கொடுத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அது நடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் தாளை மடியில் வைத்து நீவினார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்கோ இல்ல, நானு ஊட்டுக்கு வந்து பேஜார் பண்ணேன். மானம் போச்சு, அந்த நூத்திப் பதினேழப் போட்டு முடிக்கிறதுக்கு இன்னான்னு ஆறு வருசமாக் கேட்டுக்கினே இருந்தேன். அது என்னுது இல்லம்பாரு. யாருதுன்னு கேட்டா, அவுரு போட்டுக் குடுப்பாரும்பாரு. பேரு மட்டும் சொன்னதே இல்ல. ஆஸ்பத்திரில கூடக் கேட்டேன்."

சாமுவேல் என்னைக் குத்திக் காட்டவில்லை. நான் செய்துவிடுவேன் என்று காத்திருந்தார். ஆறு வருஷமும், கட்டிலில் கிடந்தபோதும், என்னைப் பற்றி என்னைவிட நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்தார். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நண்பர்களே, ஆயிரத்து எழுபது வகுத்தல்களின் தாள்கள் டைம் ஆபீஸில் பத்மாவதி அம்மாளிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். என் தாளை முதலில் சோதியுங்கள். அந்த எண் சாமுவேலுடையது. இனி அவரை அந்தப் பட்டப்பெயரால் கூப்பிட வேண்டாம். அந்த நூற்றுப் பதினேழு என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் மேடையிலும் சொல்லாத, வீட்டிலும் சொல்லாத அந்தப் பெயர் தனபால், காஸ்டிங் பிரிவு.